வாசகர் கேள்வி – பதில்: இரண்டு கம்பி, ஒரே குழி

போன இதழில் "இன்டர்நெட் சம்பந்தமாக எது வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று ஒரு வரி போட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான்: பேக்கப் இணைப்பு வைத்திருந்தோம், காசும் மாதாமாதம் கட்டினோம், தேவைப்பட்ட அன்று அது கைகொடுக்கவில்லை. வைரஸ், பாஸ்வேர்ட் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு இந்த முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, மொரீஷியஸில், போர்ட் லூயிஸில் சரக்கு அனுப்பும் அலுவலகம் நடத்துகிறேன். கஸ்டம்ஸ் வேலை முழுக்க ஆன்லைன், நெட் இல்லை என்றால் கப்பல் காத்திருக்காது. அதற்காகவே இரண்டு வேறு வேறு கம்பெனிகளிடம் ஃபைபர் வாங்கியிருக்கிறேன். ஆனால் இந்த வருஷத்தில் இரண்டு தடவை இரண்டும் ஒரே நிமிஷத்தில் போய்விட்டன. இரண்டு கம்பெனியும் மற்றவர் மேல் பழி போடுகிறார்கள். யார் பொய் சொல்கிறார்கள்?

பதில்: யாரும் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் வாங்கியது இரண்டு பில், இரண்டு வழி அல்ல. ஊரில் பத்து கம்பெனி இன்டர்நெட் விற்றாலும் தெருவைத் தோண்டி குழாய் பதித்தவர்கள் ஓரிருவர்தான் இருப்பார்கள், மற்றவர்கள் அதே குழாயில் இடமோ அதே கேபிளில் ஓர் இழையோ வாடகைக்கு எடுத்து உங்கள் கட்டடம் வரை வருகிறார்கள். உங்களுக்கு வரும் மோடத்தில் பெயர் வேறு, ரசீதில் பெயர் வேறு, ஆனால் நடைபாதைக்கு அடியில் இரண்டும் தோளோடு தோள் உரசிக்கொண்டு போகின்றன. ஒரு ஜேசிபி வந்து ஒரு தடவை கொத்தினால் போதும்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் (பெயர் வேண்டாம்) முதன்மை லிங்க், பேக்கப் லிங்க் என்று இரண்டு வரைபடங்கள் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஒன்று நீலக் கோடு, இன்னொன்று சிவப்புக் கோடு, ஊரின் இரண்டு பக்கமாக வளைந்து போகும், பார்க்க அழகாக இருக்கும். ஒருநாள் வடிகால் வேலைக்கு ரோட்டைத் தோண்டினார்கள், இரண்டும் செத்துப்போயின. நான் ஆட்களோடு போய் கட்டடத்துக்கு வெளியே இருந்த முதல் மேன்ஹோலைத் திறந்தேன். முழங்கால் அளவு சேற்றுத் தண்ணீர். பம்ப் வைத்து இறைத்த பிறகு பார்த்தால், பக்கச் சுவரில் அறைந்திருந்த ஒரே இரும்புக் கொக்கியில் இரண்டு கறுப்புக் கேபிள்களும் தொங்குகின்றன, ஒன்றில் நீல அட்டை, ஒன்றில் சிவப்பு அட்டை, இரண்டையும் சேர்த்து ஒரே பிளாஸ்டிக் டையால் யாரோ இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். வரைபடத்தில் அவை பிரியும் இடம் அங்கிருந்து 300 மீட்டர் தள்ளி. அந்த 300 மீட்டரில்தான் வடிகால் வந்தது. அன்றிலிருந்து வரைபடத்தை நான் நம்புவதில்லை, மேன்ஹோலைத் திறந்து பார்த்தால்தான் நம்புவேன்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? இரண்டு கம்பெனியிடமும் கடிதமாகவே கேளுங்கள்: என் கட்டடத்திலிருந்து உங்கள் எக்ஸ்சேஞ்ச் வரை கேபிள் எந்தத் தெரு வழியாக வருகிறது, குழாய் யாருடையது, கட்டடத்துக்குள் எந்தப் பக்கத்துச் சுவர் வழியாக நுழைகிறது? கம்பெனியின் விற்பனைப் பிரிவில் இருப்பவருக்கு இது தெரிந்திருக்காது, டெக்னிக்கல் ஆளிடம் போகச் சொல்லுங்கள். இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றாக வந்தால் ஒரு ஃபைபரை நிறுத்திவிட்டு அந்தக் காசுக்கு மொட்டைமாடியில் ஒரு மைக்ரோவேவ் லிங்க் போட்டுக்கொள்வது மேல். வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் காற்றில் வருவதை ஜேசிபி வெட்டாது. புயல் நாளில் அந்த ஆன்டெனா திரும்பிவிடும் அபாயம் உண்டு, அதுவும் உண்மை. 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள், அன்று தரைக்கு அடியில் இருந்ததற்கு ஒரு வகை ஆபத்து, கூரைமேல் இருந்ததற்கு வேறு வகை. இரண்டுக்கும் ஒரே ஆபத்து இல்லை என்பதுதான் இங்கே நீங்கள் காசு கொடுத்து வாங்குவது.

இன்னொன்று, சின்னதுதான், ஆனால் பலரும் விட்டுவிடுகிறார்கள். இரண்டு மோடமும் ஒரே பிளக் பாயிண்டில், ஒரே யூபிஎஸ்ஸில் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள்.

கேள்வி: அண்ணா, வீட்டில் ஃபைபர் இருக்கிறது, அது போனால் கைபேசி டேட்டா. இரண்டும் ஒரே கம்பெனி, ஆஃபர் நன்றாக இருந்தது என்று சேர்த்து வாங்கினோம். ஃபைபர் வயரில் வருகிறது, மொபைல் டவரில் வருகிறது, அப்படியானால் இரண்டும் தனித்தனிதானே? — ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு வாசகி

பதில்: வீட்டு வாசலில் தனித்தனிதான், அப்புறம் சேர்ந்துவிடும். டவரில் இருந்து போகும் டேட்டாவும் பெரும்பாலும் ஃபைபரில்தான் பயணம் செய்கிறது, கடைசியில் உங்கள் வீட்டு டிராஃபிக்கும் கைபேசி டிராஃபிக்கும் அந்தக் கம்பெனியின் மைய ரவுட்டர்களில் ஒன்றாக வந்து விழும். அந்த மையத்துக்கே ஏதாவது ஆனால் இரண்டும் சேர்ந்து போகும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2022 ஜூலை 8 அன்று கனடாவில் ரோஜர்ஸ் என்ற பெரிய நிறுவனத்தில் மைய நெட்வொர்க்கை மேம்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு ரவுட்டரில் இருந்த வடிகட்டி ஒன்றை எடுத்தார்கள். வடிகட்டி போனதும் ரவுட்டிங் தகவல் வெள்ளமாக மைய ரவுட்டர்களுக்குள் பாய்ந்தது, அவை தாங்க முடியாமல் விழுந்தன. 1 கோடியே 20 லட்சம் பேருக்கு மேல் பாதிப்பு. மொபைலுக்கும் வீட்டு இணைப்புக்கும் மையம் ஒன்றாகவே இருந்ததால் இரண்டும் சேர்ந்து போயின, அவசர எண்ணான 911-ஐக் கூடப் பலரால் கூப்பிட முடியவில்லை. சரிசெய்ய வேண்டிய ஊழியர்களின் கைபேசியும் அதே நெட்வொர்க்கில் இருந்ததால் ஒருவரோடு ஒருவர் பேசவே ஆரம்பத்தில் திணறிப்போனார்கள். அதற்குப் பிறகுதான் மொபைலுக்கும் வீட்டு இணைப்புக்கும் தனித்தனி மையம் வைக்கிறோம் என்று அறிவித்தார்கள்.

உங்களுக்கு என் யோசனை: ஃபைபரை மாற்ற வேண்டாம். வீட்டில் ஒருவருடைய சிம் மட்டும் வேறு கம்பெனியாக இருக்கட்டும். மாதம் சில நூறு ரூபாயில் முடியும் காரியம்.

கேள்வி: அண்ணா, எபேனில் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. எங்களுக்குச் சொந்த ஏஎஸ் எண் (இன்டர்நெட்டில் ஒரு நெட்வொர்க்கின் அடையாள எண்) உண்டு, ஒரு ஸ்லாஷ் 23 முகவரித் தொகுதி (512 முகவரிகள்) உண்டு, இரண்டு அப்ஸ்ட்ரீம் (எங்களுக்கு இன்டர்நெட் தரும் கம்பெனிகள்), இரண்டும் 1 ஜிகாபிட், இரண்டிலும் பிஜிபி (எந்த முகவரிக்கு எந்த வழி என்று ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று அறிவிக்கும் முறை). பாதை வேறு வேறு என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டோம். ராத்திரி 2 மணிக்கு ஃபெயில்ஓவர் டெஸ்ட் (ஒரு லிங்கை நிறுத்தி மற்றது தாங்குகிறதா என்று பார்ப்பது) செய்தபோது எல்லாம் ஒழுங்காக மாறியது. போன மாதம் காலை 11 மணிக்கு நிஜமாகவே ஒரு லிங்க் போனது, ஆபீஸே நின்றுவிட்டது. இரண்டாவது லிங்க் மானிட்டரில் பச்சையாகத்தான் இருந்தது. மேனேஜர் என்னிடம் கேட்கிறார், என்ன பதில் சொல்வது?

பதில்: தம்பி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், ராத்திரி டெஸ்ட் செய்தீர்களே, அதுவே பெரிய விஷயம். பல இடங்களில் அதுகூட நடப்பதில்லை. ஆனால் ராத்திரி 2 மணிக்கு ரோடு காலி. அந்த நேரத்தில் ஒரு வழியை அடைத்தால் யாருக்கும் தெரியாது.

நீங்கள் அனுப்பிய கிராஃபைப் பார்த்தேன். காலை 11 மணிக்கு ஒரு லிங்கில் 620 மெகாபிட், இன்னொன்றில் 580. கூட்டினால் 1200. மிச்சம் இருந்த 1 ஜிகாபிட் லிங்கில் இது எப்படிப் போகும்? பேக்கப் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தது அன்றாட வேலைக்குப் போய்ப் பல மாதம் ஆகிவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. இரண்டு லிங்க் வைத்து இரண்டிலும் டிராஃபிக் ஓட்டுகிறவர்கள் உச்ச நேரத்தில் ஒவ்வொன்றும் பாதிக்குக் கீழே இருக்கிறதா என்று மாதாமாதம் பார்க்க வேண்டும். அதிலும் அந்தக் கிராஃப் 5 நிமிஷச் சராசரி. 580 என்று காட்டும் 5 நிமிஷத்துக்குள் பல தடவை 900-ஐத் தொட்டுவிட்டு இறங்கியிருக்கும், அது கோட்டில் தெரியாது. உங்கள் அப்ஸ்ட்ரீம் பில் போடும் 95 சதவீதக் கணக்கையும் திட்டமிடுவதற்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கணக்கில் மாதத்தின் மிக அதிகமான 5 சதவீத அளவுகளைத் தள்ளிவிடுவார்கள், 30 நாள் மாதத்தில் அது 36 மணி நேரம். பில்லுக்கு அது லாபம். ஆனால் உங்களுக்கு மூச்சு முட்டியது அந்த 36 மணி நேரத்தில்தான்.

லிங்க் நிரம்பினால் மெதுவாகத்தானே போகும், ஏன் ஒரேயடியாக நின்றது என்று கேட்டிருந்தீர்கள். 20 சதவீதம் அதிகமாக வந்தால் 20 சதவீதம் மெதுவாகும் என்று எல்லோரும் நினைக்கிறோம். அப்படி நடப்பதில்லை. ரவுட்டரின் வரிசை நிரம்பி பாக்கெட் (டேட்டாவின் சின்னத் துண்டு) விழ ஆரம்பிக்கும், விழுந்ததை எல்லாக் கணினிகளும் மறுபடி அனுப்பும், பெரிய கோப்பு இறக்கிக்கொண்டிருப்பவர் எப்படியோ ஓட்டிக்கொண்டு போவார், ஆனால் சின்னச் சின்னக் கேள்வி பதிலாக ஓடும் வேலைகள், டிஎன்எஸ் (தளத்தின் பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தருவது), லாகின், போன் குரல், இவைதான் முதலில் அடிபடும். டிஎன்எஸ் தடுமாறினால் பார்ப்பவருக்கு நெட்டே இல்லாத மாதிரிதான் இருக்கும். அதனால் பெரிய லிங்க் வாங்க மேனேஜர் சம்மதிக்கும்வரை, ஒரு லிங்க் போகும் நேரத்தில் எதை நிறுத்துவது என்று இப்போதே எழுதி வையுங்கள். சர்வர் பேக்கப், விண்டோஸ் அப்டேட், கேமரா பதிவு மேகத்துக்குப் போவது, இவை காத்திருக்கலாம். குரலும் டிஎன்எஸ்ஸும் காத்திருக்க முடியாது. ரவுட்டரில் அதற்கு முன்னுரிமை கொடுங்கள்.

இரண்டாவது விஷயம், லிங்க் போனது உங்கள் ரவுட்டருக்கு எப்போது தெரிந்தது? உங்கள் லாக்கில் 3 நிமிஷம் கழித்துத்தான் பிஜிபி செஷன் விழுந்திருக்கிறது. கேபிள் அறுந்தது எங்கோ நடுவில், உங்கள் ரவுட்டருக்கும் அந்த இடத்துக்கும் நடுவே அப்ஸ்ட்ரீம்காரரின் ஸ்விட்ச் ஒன்று இருக்கிறது, அந்த ஸ்விட்ச் வரை வெளிச்சம் வந்துகொண்டே இருந்தது, அதனால் போர்ட் டவுன் ஆகவில்லை. அப்புறம் பிஜிபி தானாக உணர வேண்டும், மறுபக்கத்திலிருந்து சத்தமே இல்லாமல் அது காத்திருக்கும் நேரம், அதாவது ஹோல்ட் டைம், சில ரவுட்டர்களில் இயல்பாகவே 180 செகண்ட், சிலவற்றில் 90. அவ்வளவு நேரமும் உங்கள் பாக்கெட்டுகள் செத்த வழியில் போய் விழுந்துகொண்டிருந்தன. பிஎஃப்டி போடுங்கள். 300 மில்லி செகண்டுக்கு ஒரு சின்னப் பாக்கெட், மூன்று தவறினால் லிங்க் செத்தது என்று அர்த்தம், 1 செகண்டுக்குள் தெரிந்துவிடும். அப்ஸ்ட்ரீம் பக்கமும் போட்டால்தான் வேலை செய்யும், அதனால் அவர்களிடம் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவதைத்தான் நான் மிகவும் கவலையோடு சொல்கிறேன், ஏனென்றால் இதே தவறை நானும் செய்து ஒரு முழுப் பகல் தவித்திருக்கிறேன். உள்ளே வரும் டிராஃபிக்கைச் சமமாகப் பிரிக்க உங்கள் ஸ்லாஷ் 23-ஐ இரண்டு ஸ்லாஷ் 24 ஆக உடைத்து, ஒன்றை ஒரு அப்ஸ்ட்ரீம் வழியாகவும் மற்றதை இன்னொன்று வழியாகவும் மட்டும் அறிவித்திருக்கிறீர்கள். நல்ல நாளில் இது அருமை. ஒரு லிங்க் போனதும், அந்த ஸ்லாஷ் 24-ஐ உலகத்தில் யாரும் அறிவிக்கவில்லை, அதாவது உங்கள் முகவரிகளில் பாதி உலக வரைபடத்திலிருந்தே காணாமல் போய்விட்டது. வெளியே போகும் வழி திறந்திருக்கிறது, திரும்பி வர வழி இல்லை. ராத்திரி டெஸ்டில் இது ஏன் தெரியவில்லை என்றால், டெஸ்ட் செய்த மடிக்கணினி மற்ற பாதியில் இருந்திருக்கும், சரிபார்த்துக்கொள்ளுங்கள். செய்ய வேண்டியது ஒரே காரியம்: முழு ஸ்லாஷ் 23-ஐ இரண்டு பக்கமும் எப்போதும் அறிவியுங்கள், அதன் மேல் ஸ்லாஷ் 24-களை ஒவ்வொரு பக்கம் ஒன்றாக வையுங்கள். ரவுட்டர்கள் எப்போதும் அதிகக் குறிப்பான வழியைத்தான் எடுக்கும், அதனால் நல்ல நாளில் பிரிந்து வரும். ஸ்லாஷ் 24 மறைந்தால் ஸ்லாஷ் 23 தாங்கிக்கொள்ளும்.

ஃபயர்வால் இரண்டு இருந்தால், ஒன்றில் வெளியே போன செஷனின் பதில் மற்றதில் வந்து நிற்கிறதா என்றும் பாருங்கள், அது அறியாத செஷன் என்று தள்ளிவிடும். இரண்டுக்கும் செஷன் தகவல் பரிமாற்றம் இருந்தால் பிரச்சினை இல்லை.

அப்புறம் ரவுட்டருக்குள் நுழைய நெட்டைச் சாராத வழி ஒன்று வையுங்கள், 4ஜி மோடம் பொருத்திய சின்ன கன்சோல் பெட்டி போதும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் 6 மணி நேரம் காணாமல் போனது நினைவிருக்கும். பராமரிப்புக்காகக் கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய முதுகெலும்பு நெட்வொர்க் முழுவதையும் துண்டித்தது. டேட்டா சென்டரோடு பேச முடியாத டிஎன்எஸ் சர்வர்கள் 'நமக்கு உடம்பு சரியில்லை' என்று தாமே முடிவெடுத்து பிஜிபி அறிவிப்பை விலக்கிக்கொண்டன. தொலைவிலிருந்து உள்ளே நுழைய வைத்திருந்த தனி வழியும் அன்று வேலை செய்யவில்லை, பொறியாளர்கள் நேரில் போக வேண்டியதாயிற்று, கட்டடத்தின் பாதுகாப்பைத் தாண்டி ரவுட்டரைத் தொடவே நேரம் பிடித்தது. அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்தக் கதி என்றால் உங்கள் மேனேஜர் ஒரு மோடத்துக்குக் காசு கொடுக்கத் தயங்கக் கூடாது, இந்தப் பத்தியை வெட்டிக் காட்டுங்கள்.

அடுத்த டெஸ்டை வேலை நாளில் வையுங்கள். எல்லோருக்கும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் 10 நிமிஷம்.

கேள்வி: தம்பி, நான் காத்ர் போர்னில் இருக்கிறேன், தமிழ் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கும்பகோணத்தில் என் தங்கை இருக்கிறாள். சாயங்காலம் வீடியோவில் பேசினால் நான் சொன்னது அவளுக்கு 2 நொடி கழித்துத்தான் கேட்கிறது, இருவரும் ஒரே நேரத்தில் பேசி முட்டிக்கொள்கிறோம். நம் தீவிலிருந்து கொச்சிக்கே நேராகக் கடல் கேபிள் போகிறது என்று என் பேரன் சொல்கிறான். அப்புறம் ஏன் தாமதம்?

பதில்: டீச்சர், பேரன் சொன்னது சரி. சேஃப் என்ற கேபிள், 2002-இல் வந்தது. தென்னாப்பிரிக்காவில் மெல்க்போஸ்ட்ராண்டில் தொடங்கி, அதே நாட்டின் கிழக்குக் கரையில் ம்துன்சினி, பிறகு ரீயூனியன், நம் தீவின் தெற்கே பே து ஜாகோத்தே, அங்கிருந்து கொச்சி, கடைசியாக மலேசியாவின் பினாங்கு. நம் தாத்தா பாட்டிகள் கப்பலில் வந்த அதே கடலின் அடியில்தான் கிடக்கிறது.

ஆனால் கேபிள் இருப்பதாலேயே உங்கள் பேச்சு அதில் போகும் என்று சொல்ல முடியாது. பாக்கெட் எந்த வழியில் போகும் என்பதைத் தூரம் தீர்மானிப்பதில்லை, கம்பெனிகளுக்கு நடுவே உள்ள ஒப்பந்தம் தீர்மானிக்கிறது. இங்கே உள்ள நிறுவனமும் அங்கே உள்ள நிறுவனமும் ஐரோப்பாவில் ஓரிடத்தில்தான் கைகோக்கிறார்கள் என்றால், உங்கள் குரல் தென்னாப்பிரிக்கா போய், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையோரமாக ஏறி, லண்டனையோ மார்சேயையோ தொட்டு, செங்கடல் வழியாக இந்தியாவுக்கு இறங்கும். கணக்கைப் பாருங்கள். கண்ணாடி இழையில் வெளிச்சம் 1 நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். இங்கிருந்து கொச்சி கிட்டத்தட்ட 4,000 கிலோமீட்டர், அதாவது ஒரு பக்கத்துக்கு 20 மில்லி செகண்ட். ஐரோப்பாவைச் சுற்றினால் தோராயமாக 30,000 கிலோமீட்டர் வைத்துக்கொள்வோம், 150 மில்லி செகண்ட். தொலைபேசிப் பேச்சுக்கு ஒரு பக்கத் தாமதம் 150-க்குள் இருந்தால் நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமே சொல்லியிருக்கிறது, ஆகவே அந்தச் சுற்றுவழி எல்லைக்கோட்டில்தான் நிற்கிறது.

ஆனால் டீச்சர், நீங்கள் சொல்வது 2 நொடி. பூமியை முழுக்க ஒரு சுற்று சுற்றினாலும் 40,000 கிலோமீட்டர்தான், வெளிச்சத்துக்கு அது ஐந்தில் ஒரு நொடி. ஆகவே உங்கள் 2 நொடிக்குத் தூரம் காரணமாக இருக்கவே முடியாது. எங்கோ ஒரு வரிசையில் உங்கள் குரல் காத்து நிற்கிறது. சாயங்காலம் மட்டும் என்கிறீர்கள், பேரன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவன் கைபேசி அன்றைய படம், வீடியோ எல்லாவற்றையும் வைஃபை கிடைத்தவுடன் மேலே ஏற்ற ஆரம்பிக்குமே, அதை முதலில் சந்தேகப்படுகிறேன். வீட்டு ரவுட்டர் எதையும் கீழே போடாமல் நீளமாக வரிசையில் அடுக்கிக்கொண்டே போகும், உங்கள் குரல் அந்த வரிசையின் கடைசியில் நிற்கும். பேரனிடம் அந்தத் தானியங்கி ஏற்றத்தை ராத்திரிக்கு மாற்றச் சொல்லுங்கள், ரவுட்டரில் அப்லோட் வேகத்துக்கு ஒரு வரம்பு வைக்கச் சொல்லுங்கள். அப்புறமும் மிச்சத் தாமதம் இருந்தால், கும்பகோணத்தில் இருக்கும் உங்கள் தங்கையின் வீட்டிலும் இதே மாதிரி ஒரு பேரன் இருக்கிறானா என்று கேளுங்கள்.

கேள்வி: டர்பனில் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். 2024 மே மாதம் தான்சானியாவின் தார் எஸ் சலாமில் வேலை பார்க்கும் என் மகனோடு பல நாள் சரியாகப் பேச முடியவில்லை. கேபிள் அறுந்தது எங்கள் கரைப் பக்கம் என்றார்கள். எனக்கு இங்கே நெட் ஓடியது, அவனுக்கு ஏன் ஓடவில்லை?

பதில்: அந்த வருஷத்தின் முதல் ஐந்து மாதங்களை வரிசையாகப் பார்த்தால்தான் விளங்கும். பிப்ரவரி 24, செங்கடலில் சீகாம் உள்படப் பல கேபிள்கள் அறுந்தன, தாக்கப்பட்டுக் கைவிடப்பட்ட ஒரு கப்பலின் நங்கூரம் இழுத்திருக்கலாம் என்று சொல்லப்பட்டது. கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வடக்குப் பக்கத்து வாசல் பாதி சாத்தியாகிவிட்டது, டிராஃபிக் தெற்கே திரும்பியது. மார்ச் 14, மேற்கே ஐவரி கோஸ்ட் கரைக்கு அப்பால் வாக்ஸ், சாட்-3, ஏஸ், மெயின்ஒன் என்று நான்கு கேபிள்கள் ஒரே நாளில் போயின. மே 12, ஞாயிற்றுக்கிழமை, உங்கள் கரைக்கு வடக்கே ஈஸி என்ற கேபிளும் சீகாமும் சேர்ந்து அறுந்தன. இரண்டும் கிழக்குக் கரையோரமாகவே இறங்கி ம்துன்சினியில் ஏறுகின்றன, பெயர் இரண்டானாலும் தெரு ஒன்று.

டர்பனில் இருக்கும் உங்களுக்கு நிலம் வழியாக கேப் டவுன் போய் மேற்குக் கரைக் கேபிள்களைப் பிடிக்க வழி இருந்தது, 2022-இல் வந்திறங்கிய ஈக்வியானோ கேபிளும் அங்கே இருந்தது. உங்கள் மகனுக்கு வடக்கு ஏற்கெனவே மெலிந்திருந்தது, மாற்றாக நம்பியிருந்த தெற்கும் அன்று போனது. பேக்கப்பே பிரதான வழியாகிவிட்ட பிறகு அது அறுந்தால் என்ன மிச்சம்? கேபிள் கப்பல் வந்து, கொக்கி போட்டு இரண்டு முனைகளையும் தேடி எடுத்து, ஒட்டி, சோதித்து, மறுபடி கடலில் இறக்கச் சில வாரம் ஆகும், ஆயிற்று.

எங்கள் தீவைப் பற்றியும் இதே இடத்தில் சொல்லிவிடுகிறேன். 2021-இல் மெட்டிஸ் என்ற கேபிள் வந்தது, பிறகு டி3 என்ற கேபிள் வந்தது, இரண்டுமே தென்னாப்பிரிக்காவில் உங்கள் டர்பனுக்குப் பக்கத்து அமன்சிம்டோட்டியில்தான் கரை ஏறுகின்றன. கடலில் அவை வேறு வேறு, அது நல்லதுதான், ஆனால் கரை ஏறிய பிறகு ஜோகன்னஸ்பர்க் வரை எந்த வழி என்று இங்கே மொத்தமாக வாங்குகிறவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நமக்கு அதிர்ஷ்டம், வேறு திசைகளும் உண்டு: லயன்-2 வழியாக கென்யாவின் மொம்பாசா, சேஃப் வழியாக கொச்சி, பினாங்கு. ஆனால் அந்தத் திசைகளில் கொள்ளளவை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தால்தான் உதவும். அறுந்த அன்று போய்க் கேட்டால் எல்லோரும் அதே வரிசையில் நிற்பார்கள்.

கேள்வி: ரொட்ரிக்ஸ் தீவில் இருக்கிறோம். மொரீஷியஸிலிருந்து வரும் மார்ஸ் கடல் கேபிள் அறுந்தால் எங்கள் கதி?

பதில்: 2019-இல் அந்தக் கேபிள் வருவதற்கு முன் செயற்கைக்கோளை வைத்துத்தானே ஓட்டினீர்கள், அறுந்தால் கையில் இருப்பது மறுபடி அதுதான். ஆனால் பழைய வகைச் செயற்கைக்கோள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது, போய் வர அரை நொடி ஆகும், கொள்ளளவும் கேபிளுக்குப் பக்கத்தில்கூட வராது. அந்த நாளில் ஆஸ்பத்திரி, விமான நிலையம், வங்கி ஆகியவற்றுக்கு முதலிடம் என்று இப்போதே எழுத்தில் இருக்கிறதா என்று உங்கள் பிராந்திய சபை உறுப்பினரிடம் கேளுங்கள். கடை வைத்திருப்பவர்கள் நெட் இல்லாமல் கணக்கு எழுத ஒரு நோட்டைக் கைவசம் வையுங்கள்.

கேள்வி: அண்ணா, எங்கள் கோயிலில் வருஷாவருஷம் தைப்பூசக் காவடியை நேரலையில் காட்டுகிறோம். ரீயூனியன், டர்பன், தமிழ்நாடு என்று உறவுக்காரர்கள் பார்க்கிறார்கள். போன தடவை காவடி கோயிலுக்குள் நுழையும் நேரத்தில் சரியாகப் படம் உறைந்துவிட்டது. ஒரு ஃபைபரும் இரண்டு மொபைல் சிம்மும் வைத்திருந்தோம், மூன்றுமே உதவவில்லை.

பதில்: மனசுக்குக் கஷ்டமாக இருந்தது படித்தபோது. சிம்கள் ஏன் உதவவில்லை என்பது எளிது. காவடி நுழையும் நேரத்தில்தான் கூட்டத்தில் எல்லோருடைய கையிலும் கைபேசி மேலே போகிறது, ஆயிரக்கணக்கான பேர் ஒரே டவரில் வீடியோ அனுப்புகிறார்கள். உங்களுக்கு மிகவும் தேவைப்படும் அதே நிமிஷத்தில் அந்த டவர் நிரம்பிவிடும், அதனால் கோயில் வளாகத்துக்குள் வைத்த சிம்மை பேக்கப் என்று எண்ணாதீர்கள். இரண்டு சிம்மும் ஒரே கம்பத்தில் மாட்டிய ஆன்டெனாக்களில்தான் பேசிக்கொண்டிருந்திருக்கும்.

நம்ப வேண்டியது ஃபைபரைத்தான். அது ஏன் போனது? நீங்கள் எழுதியதைப் பார்த்தால், சமையல் கூடத்தில் கிரைண்டர் ஓடிய லைனிலேயே மோடமும் இருந்திருக்கிறது, ஒரு தடவை ஃபியூஸ் போனது என்கிறீர்கள். மோடத்துக்கும் என்கோடருக்கும் (கேமராப் படத்தை நெட்டில் அனுப்ப ஏற்றபடி மாற்றும் பெட்டி) தனி யூபிஎஸ் வையுங்கள். கோயில் வைஃபை பாஸ்வேர்டை அன்று யாருக்கும் கொடுக்காதீர்கள், அறங்காவலர் குழு உள்பட. படத்தை 1080-லிருந்து 720-க்கு இறக்குங்கள், 3 மெகாபிட் இருந்தால் ஓடும், வெளியூரில் பார்ப்பவர்களுக்கு உறையாத படம்தான் முக்கியம். இரண்டாவது வழி வேண்டும் என்றால், கோயிலுக்குப் பின் தெருவில் உள்ள ஒரு வீட்டில் வேறு கம்பெனி ஃபைபர் இருக்கிறதா என்று விசாரித்து, அங்கிருந்து மொட்டைமாடிக்கு மொட்டைமாடி ஒரு வயர்லெஸ் பிரிட்ஜ் போடுங்கள். தைப்பூசம் வருவது புயல் காலத்தில், ஆன்டெனாவை இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்டுங்கள்.

கொடியேற்றத்தன்று எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, யாரிடமும் சொல்லாமல் ஃபைபர் வயரை நீங்களே பிடுங்கிப் பாருங்கள். படம் எத்தனை நொடி நின்றது என்று எனக்கு எழுதுங்கள். காவடிக்கு முன் இன்னும் பத்து நாள் கையில் இருக்கும்.